தங்காத கம்மல்

செண்பகவல்லியும் உலகநாதனும் ஒரே கல்லூரியில் விலங்கியல் ஆசிரியர்கள். கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவர்களுக்குள் ஓயாத ஒரு வழக்கு. பரிணாமம் லட்சக்கணக்கான வருஷங்களாக எறும்பு ஊர்வதுபோல நகரும் என்பான் அவன். இல்லை, வெகுகாலம் சும்மா கிடந்துவிட்டுத் திடீரென்று ஒரே பாய்ச்சலாகப் பாயும் என்பாள் அவள்.

குலதெய்வக் கோயிலில் அவர்களுடைய பதினோரு மாத மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் இருந்த குழந்தை, ஊசி இறங்கியபோது அழவே இல்லை. ஆசாரி கம்மலை மாட்டிவிட்டுத் திருகாணியைத் தேடினார். அதற்குள் சதை கம்மலை மெல்ல வெளியே தள்ளிவிட்டது. அது மாமன் மடியில் விழுந்தது. காதில் துளை போட்ட தடமே இல்லை.

“காலையிலேருந்து இது மூணாவது புள்ளம்மா,” என்றார் ஆசாரி, தலை நிமிராமல். “போன வருஷம் வரைக்கும் இப்படி ஒண்ணுகூடப் பாத்ததில்ல.”

குழந்தை அவர்களை அந்நியர்களைப் பார்ப்பதுபோல நிதானமாகப் பார்த்தது.

உலகநாதனுக்கு முகம் வெளிறியது. “வல்லி, நீ சொன்னதுதான்...”

சட்டென்று அவன் வாயைப் பொத்தினாள் அவள்.

“இல்லைங்க. நீங்க சொன்னதுதான் சரி. உங்களக் கும்பிட்டுக் கேக்குறேன், நீங்க சொன்னதுதான் சரின்னு சொல்லுங்க.”