கண்டக்டருக்குக் கால் வீக்கம்

காலை 10.40. அன்றைய ஐந்தாவது வீடியோ அழைப்பு. பெயர்: கண்டக்டர்.

பஸ்ஸை விட்டு இறங்கிப் பதிமூன்று வருடம் ஆகியும் பட்டப்பெயர் இறங்கவில்லை. வயது எழுபத்தொன்று, தனி ஆள். சமூக நல அலுவலகம் கொடுத்த டேப்லெட்டில் வாரம் ஒரு முறை நர்ஸிடம் பேசலாம். பதிவு செய்தவர் மட்டும்தான் பேச வேண்டும். வேறு யாராவது பேசினால் டேப்லெட் பறிமுதல்.

அந்த விதியை எழுதிய மேலதிகாரி அம்மா, அன்று நர்ஸின் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். அலுவலகத்தில் அவருக்குப் பெயர் கத்தரிக்கோல்.

"இவர்கிட்ட மட்டும் நாற்பது நிமிஷம் பேசறியாமே? அப்படி என்ன வியாதின்னு நானும் பாக்கறேன்."

நர்ஸ் திரையைத் தன் பக்கமாகக் கொஞ்சம் திருப்பிக்கொண்டாள்.

திரையில் கண்டக்டர் வந்தார். "வணக்கம் சிஸ்டர். மல்லாந்து படுத்தா மூச்சு முட்டுது."

"இடது பக்கமா ஒருக்களிச்சுப் படுங்கய்யா. வீக்கம்?"

"கால்ல அப்படியேதான் இருக்கு."

"எந்தக் கால்ல?" கத்தரிக்கோல் குறுக்கே புகுந்தார்.

கண்டக்டர் பக்கவாட்டில் திரும்பி, "எந்தக் கால்?" என்றார். பிறகு கேமராவைப் பார்த்து, "ரெண்டுலயும்."

நர்ஸ் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "பிரஷர் பாத்துடலாங்கய்யா. நாங்க கொடுத்த பட்டையைக் கையில சுத்துங்க."

பட்டை சுற்றிய கை ஒன்று திரைக்குள் நுழைந்தது. மணிக்கட்டில் நாலு கண்ணாடி வளையல்.

"யார் கை இது?"

"என் கைதான் மேடம். வயசாச்சில்ல, மெலிஞ்சு போச்சு."

"வளையல்?"

"அது... ஒரு ஆசைதான்."

கருவி சத்தம் போட்டது. 160/110. நர்ஸ் எழுந்தே விட்டாள்.

"தலை வலிக்குதா? கண்ணு மங்குதா?"

இந்த முறை கண்டக்டர் திரும்பிக் கேட்கவில்லை.

"மாடி வீட்டுப் பொண்ணு மேடம். எட்டாம் மாசம். கையில ஒரு காகிதம் கிடையாது. பேரைக் கொடுத்தா நாட்டை விட்டே அனுப்பிடுவாங்கன்னு நடுங்குது. முப்பது வருஷ சர்வீஸ்ல டிக்கெட் இல்லாம ஒருத்தரையும் ஏத்தினதில்ல. இதுதான் முதல் தடவை. டேப்லெட்டை எடுத்துக்குங்க. இவளுக்கு என்ன செய்யணும்னு மட்டும் சொல்லிடுங்க."

கத்தரிக்கோல் கையை நீட்டினார். அழைப்பைத் துண்டிக்கப்போகிறார் என்று நர்ஸ் கண்ணை மூடிக்கொண்டாள்.

கை மேசை போனை எடுத்தது.

"ஆம்புலன்ஸா? அவசரம். பேர் கண்டக்டர். ஆண், எழுபத்தொரு வயசு... ஆமா, எட்டாம் மாசம். சிரிப்பெல்லாம் அப்புறம். முதல்ல வண்டியை எடுங்க!"

"மேடம்... விதி?" என்றாள் நர்ஸ்.

"பதிவு செஞ்சவர்தானே பேசினார்? வேற யாராவது வாயைத் திறந்தாங்களா?"

அலுவலகப் பதிவேட்டின்படி, ஏப்ரல் 19 அன்று கண்டக்டருக்குச் சுகப்பிரசவம். பெண் குழந்தை. கால் வீக்கம் வடிந்துவிட்டது.