கையுறையில் ஒரு கோளாறு

முப்பது ஆண்டுகள் அறுவை சிகிச்சை செய்து பழகிய டாக்டர் செண்பகராமனின் கைக்குப் புதிய தையல்முறை பிடிபடவே இல்லை. பயிற்சியாளர் ஜெஸிந்தாவின் கையசைவுகளைப் பதிந்துவைத்து, அவற்றை அப்படியே செய்யவைக்கும் இயந்திரக் கையுறையை மாட்டியதும் விரல்கள் தாமாகவே ஓடின. கடைசி முடிச்சும் விழுந்தது. ஆனால் கை நிற்கவில்லை. நேரே போய், மயக்கத்திலிருந்த நோயாளியின் கால் கட்டைவிரலை மெல்லப் பிடித்துக்கொண்டது. நர்ஸுகள் சிரிப்பை அடக்கிக்கொண்டார்கள்.

"மேடம், உங்க கையுறையில ஏதோ கோளாறு," என்று போனில் ஜெஸிந்தாவிடம் எரிந்து விழுந்தார்.



"சாரி சார், கோளாறு என்கிட்டதான். என் பொண்ணு ஆபரேஷன் முடிஞ்சு கண் முழிக்கிற வரைக்கும் அவ கால் கட்டைவிரலைப் பிடிச்சுக்கிட்டே நின்னேன். அதுலேருந்து யாருக்குத் தையல் போட்டாலும் கை தானா போயிடுது. பதிவுலேருந்து அதை அழிச்சுத் தர்றேன்."

"வேண்டாம்மா. இருக்கட்டும்."

அன்று மாலை மனைவி பகவதி காய்ச்சலோடு படுத்திருந்தாள். எப்போதும் வாசற்படியில் நின்றே 'மாத்திரை போட்டாச்சா?' என்று கேட்டுவிட்டுப் போகிறவர், கால்மாட்டில் உட்கார்ந்தார். கையுறை இல்லாத கை போர்வைக்குள் நுழைந்து அவள் கட்டைவிரலைத் தேடியது.

பகவதி கண்ணைத் திறந்தாள். "என்னங்க இது, புதுசா?"

"இன்னைக்குத்தான் கத்துக்கிட்டேன்," என்றார்.