வீரசாமியின் பல்வலி

"அயோ மாமா! செத்தேன்!"

கிரியோல் மொழியில் அம்மாவைக் கூப்பிட்டு அலறியவர் இன்னும் உள்ளேயே போகவில்லை. பல் டாக்டர் அறைக்கு வெளியே, பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தார். ஆறடி ஆள்.

பக்கத்திலிருந்த ருக்மணிக்கு, கன்னம் வீங்கியிருந்தும் சிரிப்பு வந்தது. சிரிக்கிற நிலைமையிலா இருந்தாள்? போன முறை வாயைத் திறந்து காட்டிவிட்டு, இடுக்கியைப் பார்த்ததும் எழுந்து ஓடி, தேர் ரூஜ் ஊருக்குப் போகும் பஸ்ஸைப் பிடித்தவள் அவள். 'இன்னும் தள்ளிப்போட்டால் பக்கத்துப் பல்லும் போய்விடும்!' என்று டாக்டர் பின்னாலிருந்து கத்தியது தெருமுனைவரை கேட்டது.

அதனால்தான் இன்று கணவன் சுப்ரமணியன் அவள் முந்தானையைக் கையில் சுற்றிப் பிடித்திருந்தான்.

"இவரைத் தெரியலையா?" என்று கிசுகிசுத்தான். "வீரசாமி. தைப்பூசத்துக்கு நாக்குல வேலு, முதுகெல்லாம் ஊசி. முகம் சுளிக்காம காவடி தூக்குவாரே!"

"அவரா இவர்? ஏன் அண்ணே, அத்தனை ஊசி குத்திக்கிறீங்க. ஒரு பல்லுக்கா இந்தக் கூப்பாடு?"

"அது வேற தங்கச்சி! விரதம் இருக்கேன், மேளம் அடிக்குது, ஊரே அரோகரான்னு கூட வருது. இங்க யாரு சொல்றா? அந்த நர்ஸா?"

நர்ஸ் ஜோசெட் கதவைத் திறந்தாள். "அடுத்தது யாரு?"

வீரசாமி பெஞ்சைக் கட்டிக்கொண்டார். "நான் இல்ல! அயோ மாமா! தங்கச்சி, நீ போயிடு!"

"காரோல் புயலுக்குக்கூட எங்க கூரை இப்படிக் கத்தல," என்றாள் ருக்மணி.

பெஞ்சே குலுங்கிச் சிரித்தது. அவளுக்கு வீராப்பு ஏறிவிட்டது. "காவடி தூக்கறாராம், காவடி! பார்த்துக்குங்க." முந்தானையை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டு உள்ளே போனாள்.

ஊசி போடும்போது வெளியே வீரசாமியின் குரல் கேட்டது. "தங்கச்சிக்கு அரோகரா!"

"அரோகரா!" என்றது பெஞ்சு மொத்தமும். அதில் சுப்ரமணியன் குரல்தான் உச்சம்.

ருக்மணிக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "வாயை மூடாதீங்க, மதாம்!" என்று டாக்டர் கெஞ்சினார். சிரித்து முடிப்பதற்குள் பல் கிண்ணத்தில் விழுந்தது.

வாயில் பஞ்சோடு, தேரில் வருவதுபோல் வெளியே வந்தாள். பெஞ்சில் வீரசாமி இல்லை.

"ஓடிட்டாரா?" என்றாள் பஞ்சை அதக்கியபடி. "கோழை!"

"எங்க போயிடுவார்?" ஜோசெட் சிரித்தாள். "அடுத்த வெள்ளிக்கிழமை வந்துடுவார். யார் நடுங்கறாங்களோ, அவங்க பக்கத்துல போய் உட்காருவார்."

"வந்தா விடாதீங்க. பிடிச்சு உட்கார வச்சுப் பல்லைப் பிடுங்கி அனுப்புங்க."

"எந்தப் பல்லை, மதாம்? அந்தக் காலத்துல உங்களை மாதிரி ஓடி ஓடியே எல்லாத்தையும் விட்டவர் அவர். இப்ப வாயில இருக்கிற ரெண்டு வரிசையும் டாக்டர் கட்டிக் கொடுத்தது!"