மூன்றாம் பக்கத்துப் படம்

"திரும்பிச் சுவரைப் பார்த்து நில்லு லியோனி. நான் சொல்ற வரைக்கும் இந்தப் பக்கம் கண்ணு வரக் கூடாது."

"அப்பா, உங்களுக்குக் கம்ப்யூட்டரைத் தொடவே தெரியாதே!"

"நீ வாயால சொல்லு. கை என்னோடதா இருக்கட்டும்."

ரேஞ்சர் அலுவலகத்தில் வேறு யாரும் இல்லை. கோடையில் காட்டுத்தீ பரவாமலிருக்க முன்கூட்டியே புல்வெளிக்குத் தீ வைக்கும் வேலைக்கு எல்லோரும் போயிருந்தார்கள். லியோனி தன் நாற்காலியைக் கொடுத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பினாள். அப்பா ஹார்வி தொப்பியைக் கழற்றவில்லை. நிர்வாகக் குழுக் கூட்டத்துக்கு வந்தவர் போல நிமிர்ந்து உட்கார்ந்தார்.

காலையில் வந்ததும் அவர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "ஒரு முகத்தை எல்லாப் பேப்பர்லேர்ந்தும் எடுக்கணும்."

ஆஸ்திரேலியப் பழங்குடிகளான அவர்கள் வழக்கத்தில் இறந்தவரின் படத்தைப் பார்க்கக் கூடாது. பெயரைச் சொல்லக் கூடாது. யார் என்று கேட்கவும் கூடாது. அதனால் லியோனி மனதுக்குள்ளேயே கணக்குப் போட்டாள். தாயில்லாத அவளை வளர்த்த அத்தை ஏழு மாதமாக ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் நகர மருத்துவமனையில் டயாலிசிஸில் இருக்கிறாள். போன வாரம் அப்பா அங்கே போய் வந்தார். நேற்று அந்த மருத்துவமனையிலிருந்து அவருக்கு போன். பேசி முடித்தவர் சாப்பிடாமலே படுத்துக்கொண்டார். காலையிலிருந்து அத்தையின் போன் அடித்துக்கொண்டே இருக்கிறது, எடுக்க ஆளில்லை.

"நீங்க மட்டும் அந்தப் படத்தைப் பார்க்கலாமா?"

"நான் பார்க்கலாம். மென்பொருளைத் திறந்துட்டேன். அடுத்து?"

போன வருடம் சித்தப்பா இறந்தபோது அந்த மென்பொருள் இல்லை. லியோனி வேர்டு கோப்புகளை ஒவ்வொன்றாகத் திறந்து, பாதிக் கண்ணை மூடிக்கொண்டு, மூன்று வாரம் படம் நீக்கினாள். அதன் பிறகுதான் இதை வாங்கினார்கள். ஒரு படத்தைக் காட்டினால் போதும். அது எந்தெந்தக் கோப்பில் இருக்கிறதோ அங்கெல்லாம் தேடிப் போய், அதே இடத்தில் வேறு படத்தை வைத்துவிடும்.

"ஆண்டறிக்கையை அமுக்குங்க. உள்ள இருக்கிற படமெல்லாம் வரிசையா வரும்."

"வந்திருச்சு. மூணாம் பக்கத்துல இருக்கு. இந்த அம்புக்குறி என்ன, நாயைப் பார்த்த கங்காரு மாதிரி குதிக்குது?"

லியோனிக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்தில் நின்றது. மூன்றாம் பக்கத்தில் இருப்பவை நிர்வாகக் குழுவினரின் படங்கள். அத்தையும் அந்தக் குழுவில் இருக்கிறாள்.

"அப்பா, துக்கத்துக்கு எங்க கூடுறோம்?"

"கூடும்போது தெரியும்."

"ஆலிஸுக்குப் போகணுமா? அதையாவது சொல்லுங்களேன்."

"கேள்வி கேக்கறதுக்கா உனக்கு ஆபீஸ்ல சம்பளம் குடுக்கறாங்க?"

"டவுன் ஆபீஸ்ல சொன்னா அவங்களே செஞ்சிருப்பாங்க."

"யாரு? உன் சித்தப்பா முகத்தைக் காலண்டர்ல அடிச்சு ஊர் பூரா அனுப்பினாங்களே, அவங்களா?" ஹார்வியின் குரல் உயர்ந்தது. "அத்தனையையும் திரும்ப வாங்கற வரைக்கும் அவங்க வாசல்ல நின்னவன் நான். என் வீட்டு முகத்தை என் கைதான் எடுக்கும்."

லியோனி புறங்கையால் கண்ணைத் துடைத்தாள். "பதிலுக்கு எந்தப் படம்?"

"நம்ம ஊத்துக்கரை வெள்ளை மரம்."

"அதைத் தேர்ந்தெடுத்துட்டு, கீழே 'எல்லாக் கோப்புகளிலும்'னு இருக்கும். அமுக்குங்க."

கம்ப்யூட்டர் கொஞ்ச நேரம் முனகியது. பிறகு 'டிங்' என்றது.

"நானூத்திப் பன்னெண்டு இடத்துல மாத்தியாச்சுன்னு போட்டிருக்கு."

"அவ்வளவுதாம்பா. முடிஞ்சுது."

"இப்பத் திரும்பு. எதுவும் மிச்சம் இல்லையேன்னு பாரு."

லியோனி ஆண்டறிக்கையைத் திறந்தாள். மூன்றாம் பக்கத்துக்குப் போகவே பயமாக இருந்தது. போனாள்.

அங்கே, முன்பல் இரண்டும் இல்லாத வாயைத் திறந்து, அத்தை சிரித்துக்கொண்டிருந்தாள்!

"அத்தை இருக்காங்க! அத்தைக்கு ஒண்ணும் இல்ல! ஏம்பா, ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? என் உசுரே போயிடுச்சு!" நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், அழுதாள். "அப்ப யாரைத்தான்..."

பார்வை பக்கத்தின் உச்சிக்குப் போனது. 'தலைவர்' என்ற சொல்லுக்குக் கீழே, அப்பாவின் பெயருக்கு மேலே, வெள்ளை மரம் நின்றது.

"டாக்டர் எனக்கு மழைக்காலம் வரைக்கும்னு கணக்குச் சொல்றார்," என்றார் ஹார்வி, தொப்பியைச் சரிசெய்தபடி. "பேரை மட்டும் இப்ப எடுத்துடாதேம்மா. அதுவரைக்கும் என்னை எதையாவது சொல்லிக் கூப்பிடணுமில்ல?"