வீடியோவைப் போடுங்கள்

இரண்டு நீதிபதிகள் ஏற்கெனவே அவுட். பயிற்சி அறையில் சிரிப்பு கூரையைப் பிய்த்துக்கொண்டு போனது.

மாதிரி வழக்கு இதுதான். பதின்மூன்று வயதுப் பெண். ஆன்லைன் விளையாட்டில் பழகியவன் மிரட்டி வீடியோ வாங்கிவிட்டான். அவள் சாட்சிக் கூண்டில் நிற்கிறாள். நீதிபதி என்ன உத்தரவு போடுவார்?

இருவரும் ஒரே பள்ளத்தில்தான் விழுந்தார்கள்.

"வீடியோவப் போடுங்க, பாத்துடலாம்."

போட்டதும் திரையில் கொட்டை எழுத்தில் 'தோல்வி' என்று வந்தது.

சிறுமியாக நிற்பவள் தடய ஆய்வகத்து ஊழியர். வயது இருபத்தெட்டு. நான்கு பயிற்சிகளாக இதே கூண்டு. இதுவரை ஒருவரும் தேறியதில்லை. இன்று வருகைப் பட்டியலைப் பார்த்ததிலிருந்தே அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

மூன்றாவதாக எழுந்தவர் எல்லாரிலும் மூத்தவர். அடுத்த வாரத்திலிருந்து பிள்ளைகள் வழக்கெல்லாம் இவர் மேசைக்குத்தான் வரும்.

"சார், நீங்களாவது நம்ம மானத்தக் காப்பாத்துங்க!" பின்வரிசையிலிருந்து ஒரு குரல்.

யார் தோற்றாலும் தொலையட்டும், இவர் தேறியாக வேண்டும். அவள் கூண்டின் கட்டையை இறுகப் பிடித்தாள். பாறைக்கு வெடி வைத்துவிட்டு ஒதுங்கி நிற்பவனைப் போலக் காத்திருந்தாள்.

அவர் திரையைப் பார்த்தார். அவளைப் பார்த்தார்.

"அந்தத் திரைய அணைங்க."

அணைத்தார்கள்.

"உள்ள என்ன இருக்குன்னு ஆய்வக அறிக்கையில எழுதியிருக்குல்ல, அது போதும். பாத்தே ஆகணும்னா நான் என் அறையில தனியாப் பாத்துக்கறேன். வேடிக்கை பாக்க வந்தவங்க வெளிய போங்க."

பிறகு கூண்டுப் பக்கம் திரும்பினார். "நீ உக்காரும்மா. தண்ணி குடி. அவசரமே இல்ல."

விசில் பறந்தது. மேசைகள் அதிர்ந்தன. எல்லாரையும்விட அதிகமாகக் கை தட்டியவள் அவள்தான். கூண்டென்றும் பாராமல் குதித்தாள்.

இடைவேளையில், தேநீர்க் கோப்பையோடு அவரே அவளைத் தேடி வந்தார். வகுப்பில் முதலாவதாக வந்த பையனைப் போல முகமெல்லாம் பல்.

"அசத்திட்டம்மா! நெசமாவே சின்னப் பிள்ள நிக்கிற மாதிரியே இருந்துச்சு. ஒன் பேரு என்ன?"

அவளுக்குச் சிரிப்பு இன்னும் அடங்கவில்லை. மூச்சு வாங்கியது.

"பாதிக்கப்பட்ட பிள்ளையோட பேர எங்கயும் எழுதக் கூடாதே, சார். பதினஞ்சு வருசம் முன்னாடி உங்க தீர்ப்புலயும் நீங்க எழுதல."