வாய்க்கால் வளைவில் நண்டு போட்ட கணக்கு

வாய்க்கால் வளைகிற இடத்தில், கரைக்கு அந்தப் பக்கப் பள்ளத்தில் ஒரு தவளை குடியிருந்தது. திரும்புகிற தண்ணீரெல்லாம் அந்தக் கரையில்தான் மோதும்.

"கரை தாங்குமாண்ணே?" என்று, கணக்கில் புலி எனப் பேரெடுத்த நண்டிடம் கேட்டது.

நண்டு கரையைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் வளை தோண்டி, உள்ளே உட்கார்ந்து கணக்குப் போட்டது. "தாராளமாத் தாங்கும்!"

தவளைக்கு மனசு கேட்கவில்லை. "இன்னும் நுணுக்கமாப் பாருங்கண்ணே."

நண்டு கட்டங்களை இன்னும் சின்னதாக்கியது. வளைகள் பெருகிக் கரை சல்லடையானது. "ஐயையோ, தாங்காதுடா தம்பி!" என்று அது சொல்லி முடிப்பதற்குள் கரை பொத்துக்கொண்டது.

வெள்ளத்தில் புரண்டபடி நண்டு கொடுக்கை உயர்த்தியது. "பாத்தியா, கணக்கு இம்மியும் பிசகலே!"

பிறகு அடுத்த வளைவுக்கு நடந்தது. அங்கிருந்த நத்தை, "அண்ணே, எங்க கரை..." என்று ஆரம்பித்தது.

பின்னாலேயே வந்த தவளை ஒரே தாவாகத் தாவி நத்தையின் வாயைப் பொத்தியது.