படகில் பெண் கேட்டவர்

படகு கரையை விட்டு நகர்வதற்குள் என் மகன் ரெனாந்தே நங்கூரக் கயிற்றை அனிசெத்தோவின் கையில் கொடுத்துவிட்டான்.

அனிசெத்தோ அன்று பயணியாக வந்தவர். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, காலில் புதுச் செருப்பு. ஊருக்குள் பேக்கரி வைத்திருக்கிறார். கடலைக் கரையில் நின்று பார்ப்பதோடு சரி.

"இழுங்க பெரியவரே. பயணிங்க காத்துட்டிருக்காங்க" என்றான் ரெனாந்தே.

இழுத்தார். சட்டை போயிற்று.

நான் பின்பக்கம் மீனுக்கு உப்புத் தடவியபடி எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தேன். படகு என் மகனுடையது, சமையல் என்னுடையது. சுற்றுலா வருகிறவர்களுக்கு மூன்று தீவு, மதியச் சாப்பாடு, சாயங்காலம் கரை. பிலிப்பைன்ஸின் பலவான் தீவுக் கடலில் இதை நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு செய்வோம்.

அன்றைக்கு மட்டும் கூடுதலாக ஒரு காரியம் இருந்தது. அனிசெத்தோ என் மகனிடம் என்னைப் பெண் கேட்க வேண்டும்.

எனக்கு அறுபத்திரண்டு வயது. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம்.

ரெனாந்தேயின் அப்பா இறந்துபோன பிறகு எனக்கு அவன், அவனுக்கு நான் என்றே காலம் ஓடிவிட்டது. அவன் முகம் கோணினால் எனக்குச் சோறு இறங்காது. அவன் வாயிலிருந்து 'சம்மதம்' என்று ஒரு வார்த்தை வர வேண்டும், அவ்வளவுதான். வரவழைத்துவிடலாம் என்று நம்பினேன். அவனைப் பெற்றவள் நான்தானே.

முதல் தீவில் அனிசெத்தோ தொண்டையைச் செருமினார்.

"தம்பி, உங்கிட்ட ஒரு விஷயம்..."

"அப்புறம் பேசலாம். அந்தத் தண்ணி கேனை இறக்குங்க."

எங்கள் பக்கத்துப் பழைய வழக்கப்படி, பெண் கேட்டு வருகிறவன் பெண் வீட்டில் மாதக்கணக்கில் வேலை செய்துதான் ஆக வேண்டும். விறகு பிளப்பான், தண்ணீர் சுமப்பான், கூரை வேய்வான். பெண் வீட்டார் வாயைத் திறக்காமல் வேடிக்கை பார்ப்பார்கள். இப்போது அதெல்லாம் யார் செய்கிறார்கள்? ஆனால் அவர் எதற்கு வந்திருக்கிறார் என்று என் மகன் மோப்பம் பிடித்துவிட்டான் போல. எனக்கு அது நல்லதாகத்தான் பட்டது. வேண்டாத ஆளை யாராவது வேலை வாங்குவார்களா?

இரண்டாவது தீவில் மீன் சுடுகிற வேலையும் அவர் தலையில் விழுந்தது. நெருப்பு அவருக்குப் பழக்கம். ஒரு மீன்கூடத் தீயவில்லை. மணிலாவிலிருந்து வந்திருந்த ஓர் அம்மாள் அவரைப் படகு ஆள் என்றே நினைத்து, தன் ஈரத் துண்டைக் கொடுத்துக் காயப்போடச் சொன்னாள். காயப்போட்டார்.

ரெனாந்தே இரண்டு மீன் தின்றான். நன்றாக இருக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், சொல்லவில்லை.

மூன்றாவது தீவில் தண்ணீர் வற்றிப் படகு மணலில் தட்டிவிட்டது. அனிசெத்தோவையும் இறங்கித் தள்ளச் சொன்னான். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"டேய், அந்த மனுஷனுக்கு நீச்சல் தெரியாதுடா."

"இடுப்பளவு தண்ணிக்கு எதுக்கும்மா நீச்சல்?"

இறங்கினார். தள்ளினார். படகு நகர்ந்ததும் படகு சாயாமலிருக்கப் பக்கவாட்டில் கட்டியிருக்கும் மூங்கிலைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, உடம்பெல்லாம் நடுங்க, என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்த நேரத்தில் எனக்கு அவரை இன்னும் பிடித்துப் போனது.

திரும்பும் வழியில் கரை தெரிந்ததும் ரெனாந்தே இன்ஜினைக் குறைத்தான். பயணிகள் முன்பக்கம் அரைத் தூக்கத்தில் கிடந்தார்கள். அனிசெத்தோ ஈரச் சட்டையோடு அவன் எதிரில் போய் நின்றார்.

"தம்பி, உங்க அம்மாவைக் கட்டிக்க ஆசைப்படறேன். நீ சம்மதிக்கணும்."

நான் கழுவிக்கொண்டிருந்த தட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

ரெனாந்தே அவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தான்.

"போன வாரமே மேயர் முன்னாடி நின்னு கட்டிக்கிட்டாச்சு. இப்ப எதுக்கு என் சம்மதம்?"

உங்களிடமும் நான் அதைச் சொல்லவில்லைதான். அவன் மாட்டேன் என்று சொல்லிவிட்டால்? அந்தப் பயத்தில்தான் முதலில் கல்யாணம், பிறகு சம்மதம் என்று நான் முடிவு செய்தேன். அனிசெத்தோ பாவம், இது சரியில்லை என்று அப்போதே தலையில் அடித்துக்கொண்டார்.

"யாருடா சொன்னது உனக்கு?"

"சாட்சிக்கு ஐஸ்காரரைக் கூட்டிட்டுப் போயிருக்கியேம்மா. இந்தக் கரையில எல்லாப் படகுக்கும் ஐஸ் போடறவர் அவரு."

ஐயோ, அதை நான் யோசிக்கவேயில்லை. காலையிலிருந்து இருந்த தெம்பெல்லாம் போய்விட்டது. மகன் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அனிசெத்தோ மட்டும் அசையாமல் நின்றார். மன்னிப்பு கேட்க வாயைத் திறந்தார். ரெனாந்தே அவர் தோளைப் பிடித்து அழுத்தினான்.

"சம்மதம்தான் பெரியவரே. முதல்ல உட்காருங்க, விழுந்துடப் போறீங்க."

உட்கார்ந்தார். எனக்கு அழுகை வந்தது, கூடவே ஆத்திரமும் வந்தது.

"எல்லாம் தெரிஞ்சும் எதுக்குடா காலையிலேர்ந்து அந்த மனுஷனை இந்தப் பாடு படுத்தின?"

அவன் கரையையே பார்த்துக்கொண்டு சுக்கானைத் திருப்பினான்.

"முறையா வந்து கேட்டிருந்தா ஒரு வருஷம் வேலை வாங்கியிருப்பேன்மா. நீங்க ரெண்டு பேரும் எனக்கு இன்னைக்கு ஒரு நாளைத்தான் விட்டு வெச்சீங்க."